முன்னிற்கும் சுழியம்

சுங்கைப் பட்டாணிக்குப் போக வேண்டிய சேலைப் பொட்டலங்கள் மாடிப்படியோரம் அடுக்கிக் கிடக்கின்றன. பெயர் இருக்கிறது, வீட்டு எண் இருக்கிறது, தாமான் பெயர் இருக்கிறது. ஒட்ட வேண்டிய கூரியர் சீட்டுதான் இல்லை. சீட்டு அடிக்கும் சின்ன இயந்திரம் ஈப்போவுக்கும் சிரம்பானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் விறுவிறுவென்று அடித்துத் தள்ளுகிறது. இந்த முகவரிகள் வந்தால் மட்டும் நின்றுவிடுகிறது.

கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு துணிக்கடையின் மேல்மாடி இது. தீபாவளிக்குச் சில வாரங்களே இருக்கின்றன. தெருவின் இரு பக்கமும் கூடாரக் கடைகள் எழும்பிவிட்டன. முறுக்கு, ஜிப்பா, அகல்விளக்கு, மருதாணி. மாலை மழை பிடித்துக்கொண்டதில் வாங்க வந்த கூட்டம் கடைகளின் முன்நடைக்கு ஏறி நிற்கிறது. மழைக்கு ஒதுங்கிய என்னை முதலாளி மேலே போய் உட்காரச் சொன்னார். துணி மூட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் இரண்டு கணினித் திரைகளும் இரண்டு முதுகுகளும் தெரிகின்றன.

ஒருவர் கடையின் இணையத்தளத்தைத் தொடக்கத்திலிருந்து கட்டியவர். நாற்பதை நெருங்கும் வயது. ஏர்கோன் குளிருக்கு நூல் சட்டை ஒன்றைத் தோளில் போட்டிருக்கிறார். இன்னொருவன் காப்பாரிலிருந்து மோட்டாரில் வரும் இளைஞன். அவனுக்கு அவர் அக்கா, அவருக்கு அவன் தம்பி. முதலாளியும் அப்படியே கூப்பிடுகிறார். எனக்கும் அதற்கு மேல் பெயர் வேண்டியிருக்கவில்லை.

கைப்பேசி மேசைமேல் கிடக்கிறது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல்.

“எத்தனை வாட்டி போட்டாலும் அதேதான் வருது. நீங்க சேலைய அனுப்புறீங்களா இல்லையா?”

“அனுப்பிருவோம் ஆன்டி. உங்க போஸ்கோட் மட்டும் ஒரு வாட்டி சொல்லுங்க.”

“ஜீரோ எட்டு, மூணு ஜீரோ.”

அக்கா எழுதிக்கொள்ளவில்லை. திரையில் அந்த ஆர்டரைத் திறந்து ஒரே ஓர் இடத்தில் விரலை வைக்கிறார். அங்கே 8000 என்று இருக்கிறது. தம்பி குனிந்து பார்க்கிறான். நிமிரும்போது அவன் காது சிவந்திருக்கிறது.

மலேசியாவின் அஞ்சல் குறியீடு ஐந்து இலக்கம். பெர்லிசிலும் கெடாவிலும் அது பெரும்பாலும் சுழியத்தில் தொடங்கும். கங்கார் 01000, அலோர் ஸ்டார் 05000, லங்காவி 07000, சுங்கைப் பட்டாணி 08000, கூலிம் 09000. இது கூட்டிக் கழிக்கும் எண் இல்லை, முகவரியின் ஒரு துண்டு. ஆனால் படிவத்தில் எழுதுவதை எண்ணாக மாற்றி வைத்துக்கொள் என்று நிரலில் சொல்லிவிட்டால், கணினி முன்னிற்கும் சுழியத்தைத் தூக்கி எறிந்துவிடும். கிள்ளானின் 41000-க்கு ஒன்றும் ஆகாது. பிரிக்பீல்ட்ஸின் 50470-க்கும் ஒன்றும் ஆகாது. கட்டியவர்களும் சோதித்தவர்களும் சிலாங்கூர்க்காரர்கள். ஆகவே அப்போது யார் கண்ணிலும் படவில்லை.

அதோடு நின்றிருந்தால் சீட்டு அடிக்காததோடு போயிருக்கும். அக்கா இன்னொரு கோப்பைத் திறக்கிறார். அனுப்பும் கட்டணம் குறியீட்டின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்து முடிவாகிறது. 8000-இன் முதல் இரண்டு இலக்கம் 80. அது ஜொகூர் பாரு. 5000 என்றால் 50, கோலாலம்பூர். 7000 என்றால் 70, சிரம்பான். இவையெல்லாம் தீபகற்பத்துக்குள்ளேயே இருப்பதால் கட்டணம் ஒன்றுதான். கூலிமின் 9000-க்கு வந்ததும் அவர் கை மௌஸை விட்டு எடுபடுகிறது. 90 என்பது சபாவின் சண்டக்கான். கெடாவிலிருந்து ஒரு வேட்டி வாங்கியவரிடம் தென்சீனக் கடலைத் தாண்டிப் போவதற்கான கட்டணத்தைத் தளம் கேட்டிருக்கிறது. சிலர் அதைப் பார்த்துவிட்டு வாங்காமல் போயிருப்பார்கள். சிலர் கட்டியே இருப்பார்கள்.

“அக்கா, இத நான் சரி பண்ணிட்டேன்” என்கிறான் தம்பி, மெதுவாக. “பாட்டி வீட்டு அட்ரஸ் போட்டுப் பாத்தப்ப மாட்டிச்சு. பாட்டி வீடு கூலிம்ல. போன மாசமே பண்ணிட்டேன். புது வெர்ஷனோட போகட்டும்னு விட்டுட்டேன்.”

அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “தனியா கமிட் பண்ணியா?”

“தனியாத்தான். மூணு கமிட்.”

“அப்ப நல்லது.”

அந்த ‘நல்லது’தான் அந்த மாலையின் கணக்கை மாற்றியது என்று இப்போது நினைக்கிறேன். சரிசெய்த வேலை எங்கோ ஒரு பெரிய மூட்டைக்குள் கலந்து கிடந்திருந்தால், இரண்டு பேரும் விடிய விடிய அதைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

தம்பிக்கு இரண்டு யோசனைகள் வருகின்றன. இரண்டும் அவசரத்தில் யாருக்கும் வருபவை. முதலாவது, புது வெர்ஷன் உருவாகும் வளர்ச்சிக் கிளையில் இருப்பதையெல்லாம் அப்படியே லைவுக்கு, அதாவது வாடிக்கையாளர் பார்க்கும் தளத்துக்கு, ஏற்றிவிடுவது. அக்கா தலையை ஆட்டி மறுக்கிறார். அந்தக் கிளையில் புதிய பணம் கட்டும் பக்கம் பாதியில் நிற்கிறது. நிறத்தை வைத்துச் சேலை தேடும் வசதி இருக்கிறது. தமிழில் முகப்புப் பக்கம் இருக்கிறது, அதில் பாதி எழுத்து இன்னும் நிரப்பப்படவில்லை. தீபாவளிக் கூட்டத்தின் நடுவில் பாதிப் பணப் பக்கத்தைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது. இரண்டாவது யோசனை, சர்வருக்குள் நேராக நுழைந்து அந்த நாலு வரியைக் கையால் திருத்திவிடுவது.

“வேணாம்லா. அங்க கைய வெச்சா அது எங்கயும் எழுதி இருக்காது. அடுத்த வாட்டி ஏத்தும்போது அழிஞ்சிரும். நம்ம ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்காது.”

டெர்மினலைத் திறக்கிறார். கறுப்புத் திரையில் கமிட்டுகளின், அதாவது பதிந்துவைத்த மாற்றங்களின், பட்டியல் மேலிருந்து கீழே இறங்குகிறது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எண்ணும் எழுத்துமாக ஏழு குறிகள். நாற்பது குறி நீளமுள்ள அடையாளத்தின் முன்பகுதி அது. பிறகு, என்ன செய்தோம் என்ற ஒரு வரிக் குறிப்பு. தம்பியின் குறிப்புகளைப் படிக்க முடிகிறது. ‘போஸ்கோட்டை எழுத்தாக வைத்தல் – படிவம்’ என்று ஒன்று. ‘கட்டணம் – முதல் இரண்டு எழுத்து’ என்று ஒன்று. ‘கூரியர் சீட்டு – ஐந்து இலக்கம் இல்லையேல் நிறுத்து’ என்று ஒன்று. ஆங்கிலமும் தமிழும் மலாயும் கலந்து எழுதியிருந்தாலும் ஒவ்வொன்றும் ஒரே ஒரு காரியத்தைச் சொல்கிறது.

இந்தப் பதிவேட்டின் பெயர் கிட். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் அதை எழுதத் தொடங்கினார். அதுவரை லினக்ஸ் திட்டம் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவச உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டதால் வந்த நெருக்கடி. ஏப்ரல் 7 அன்று கிட்டின் முதல் கமிட் கிட்டிலேயே பதிவானது. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நிரலில் கை வைக்கிறபோது, யார் எதை ஏன் மாற்றினார் என்பது துண்டு துண்டாகப் பதிவாக வேண்டும் என்பதற்காகப் பிறந்தது. கிள்ளானில் ஒரு துணிக்கடை மாடியில் இரண்டே பேருக்கும் அதே பதிவேடுதான்.

அக்கா லைவில் இருக்கும் நிலையிலிருந்து ஒரு புதிய கிளையைப் பிரிக்கிறார். தம்பியின் கிளையிலிருந்து முதல் கமிட்டை மட்டும் செர்ரி-பிக் செய்கிறார். கிட் அந்தக் கமிட்டுக்கும் அதற்கு முந்தைய நிலைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துவந்து இங்கே பொருத்தப் பார்க்கும். கட்டளையோடு ‘மைனஸ் எக்ஸ்’ என்று சேர்க்கிறார். இது இன்ன கமிட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று குறிப்பின் அடியில் ஒரு வரி தானாகச் சேரும். பொருத்தியபின் அந்தத் திருத்தத்துக்குப் புதிய அடையாளம் வந்துவிடுகிறது. உள்ளடக்கம் ஒன்றானாலும் அதன் முன்னோர் வேறு. ஆகவே நாளைக்கு யாராவது பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடிக்க அந்த ஒரு வரி கைகொடுக்கும்.

முதல் கமிட் பொருந்தியது. இரண்டாவதில் கிட் நின்றுவிட்டது.

கட்டணக் கோப்பு திரையில் விரிகிறது. நடுவில் ஏழு இடக் கோணக் குறிகள், கொஞ்சம் நிரல், ஏழு சமக்குறிகள், இன்னும் கொஞ்சம் நிரல், ஏழு வலக் கோணக் குறிகள். லைவில் இருப்பது மேலே, வர விரும்புவது கீழே. தம்பி திருத்திய வரியை ஒட்டியே வளர்ச்சிக் கிளையில் தீபாவளிச் சலுகைக்கான வரிகளும் ஏறியிருக்கின்றன. எது வேண்டும், எது வேண்டாம் என்று கிட்டால் சொல்ல முடியாது. ஆள்தான் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் அறையில் பேச்சு முற்றிலும் நின்றுபோயிற்று. கீழே யாரோ ஒலிபெருக்கியில் ‘மூணு ஜிப்பா நூறு வெள்ளி’ என்று கூவுவது மேலே வருகிறது. நிலையத்துப் பக்கமிருந்து கொம்யூட்டர் ரயிலின் ஊதல். அக்கா ஒரு வரியைப் படிக்கிறார், உதடு அசைகிறது, அடுத்த வரிக்குப் போகிறார். சலுகை வரிகள் இரண்டை அழிக்கிறார். அவற்றின் நடுவே ஒரு சின்ன வரி இருக்கிறது. குறியீடு தப்பாக இருந்தால் வாடிக்கையாளருக்குத் தமிழில் சொல்லும் செய்தி.

“அது நல்லா இருக்குக்கா. அத மட்டும் விட்டுரலாமே?”

“நல்லாத்தான் இருக்கு.”

அழித்துவிடுகிறார். “அது புது வெர்ஷனோட வரட்டும். இன்னிக்கு நமக்கு வேலை போஸ்கோட் மட்டும்தான்.”

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாற்காலியில் சற்றுப் பின்னால் சாய்ந்துகொள்கிறான். அந்தச் செய்தியை எழுத அவன் நேரம் செலவழித்திருப்பான். கெட்டதை விலக்குவதைவிட நல்லதை ‘இன்று வேண்டாம்’ என்று விலக்குவது கடினம். இந்த வேலையின் முழுக் கடினமும் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்த ஒரு வரியைச் சேர்த்தால் அதற்கும் ஒரு சோதனை வேண்டும். அது வேறொரு கோப்பைக் கேட்கும். அந்தக் கோப்பு இன்னொன்றைக் கேட்கும். ஏதாவது பிசகினால் எது பிசகியது என்று தேட வேண்டிய இடம் பெருகிவிடும்.

லினக்ஸின் நிலைப் பதிப்புகளுக்கு இதையே எழுத்தில் வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே வெளியில் ஓடிக்கொண்டிருக்கும் பதிப்புக்குள் ஒரு திருத்தத்தை எடுத்துப் போட வேண்டுமானால் அது சுற்று வரிகளையும் சேர்த்து 100 வரிக்குள் அடங்க வேண்டும், மனிதரை உண்மையிலேயே தொல்லைப்படுத்தும் பிழையைச் சரிசெய்ய வேண்டும், அதற்கு இணையான திருத்தம் முதன்மைக் கிளையில் முன்னமே இருக்க வேண்டும். கடைசி விதிக்குத்தான் மதிப்பு அதிகம். முதன்மையில் இல்லாததை வெளியில் மட்டும் திருத்தினால் அடுத்த பதிப்பில் அதே பிழை மறுபடி வந்து நிற்கும். அக்கா அந்த விதிகளைப் படித்தவரா என்று தெரியாது. கேட்கவும் இல்லை. அவர் கை அந்த ஒழுங்கில்தான் போகிறது.

மூன்றாவது கமிட் எந்த மோதலும் இல்லாமல் பொருந்திவிட்டது. தம்பி மூச்சு விட்டான். அக்கா விடவில்லை.

ஸ்டேஜிங் என்று அவர்கள் சொல்லும் ஒத்திகைத் தளத்தில் ஏற்றிப் பார்க்கிறார்கள். லைவின் மறுபதிப்பு அது, வாடிக்கையாளருக்குத் தெரியாத முகவரியில். தம்பி 08000 என்று தட்டி ஆர்டரை அனுப்புகிறான். வெள்ளைப் பக்கம் வருகிறது. ஒன்றுமே இல்லாத வெள்ளை.

பிழைப் பதிவில் ஒரே ஒரு வரி. மூன்றாவது கமிட் ஒரு சிறு துணைச்செயலைக் கூப்பிடுகிறது. அந்தச் செயல் லைவின் நிரலில் இல்லை. வேறொரு கமிட்டில் பிறந்தது அது, அதை இவர்கள் எடுக்கவில்லை. கட்டிய மாலையிலிருந்து ஒரு பூவை உருவினால் அதன் முடிச்சு பக்கத்துப் பூவையும் பிடித்திருப்பதுபோல. வரிகள் ஒன்றோடொன்று மோதினால்தான் கிட் நிறுத்திச் சொல்லும். வரிகள் மோதாமல் பொருள் மட்டும் அறுந்துபோனால் அதற்குத் தெரியாது. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

பெரிய இடங்களிலும் இப்படித்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்ளலாம். அதை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் புதிய பதிப்பு வாராவாரம் செவ்வாயில் தொடங்கிப் படிப்படியாகத் தளங்களுக்கு ஏறி, வியாழக்கிழமை பெரும்பாலான விக்கிப்பீடியாக்களுக்கு வந்து சேர்கிறது. இடையில் ஏதேனும் உடைந்தால் அடுத்த வாரம்வரை காத்திருப்பதில்லை. குறித்த நேரங்களில், அந்த ஒரு திருத்தத்தை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் கிளைக்குச் செர்ரி-பிக் செய்கிறார்கள். உடனே எல்லோருக்கும் அனுப்புவதும் இல்லை. முதலில் ஒரு சோதனைச் சேவையகத்தில் வைத்து, எழுதியவரே உலாவியில் திறந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மற்றச் சேவையகங்களுக்குப் போகும். நாம் தமிழில் ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அதன் அடியில் யாரோ ஒருவர் இப்படி ஒரு வரியை மாற்றிவிட்டுப் போயிருக்கக்கூடும்.

அக்கா அந்தத் துணைச்செயல் பிறந்த கமிட்டைத் தேடி எடுக்கிறார். குறிப்பில் ‘சில திருத்தங்கள்’ என்று மட்டும் இருக்கிறது. உள்ளே துணைச்செயலோடு பொத்தான்களின் நிறமாற்றமும் ஒரு படத்தின் அளவும் சேர்ந்து கிடக்கின்றன.

தம்பி, “அன்னிக்கு அவசரம்க்கா. பசங்க காத்துக்கிட்டு இருந்தாங்க, ஃபுட்சால் போகணும்னு...” என்று தொடங்கி முடிக்காமல் விடுகிறான்.

“பரவால்ல. பிரிச்சுக்கலாம்.”

திட்டவில்லை. அதற்கான குரல் மாற்றம்கூட இல்லை. ஒரு படி பின்னால் போய் மூன்றாவது கமிட்டைக் கிளையிலிருந்து இறக்குகிறார். ‘சில திருத்தங்க’ளைப் பதிவாக்காமல் வெறுமனே எடுத்துவைக்கிறார். அதிலிருந்து நிறத்தையும் படத்தையும் கழற்றிவிட்டு, துணைச்செயலை மட்டும் தனிக் கமிட்டாகப் பதிகிறார். குறிப்பைத் தம்பியை எழுதச் சொல்கிறார். அவன் எழுதுகிறான், அழிக்கிறான், மறுபடி எழுதுகிறான். அதற்கு மேல் மூன்றாவதை மறுபடி வைக்கிறார். இப்போது எந்தப் படியில் நிறுத்தினாலும் தளம் ஓடும். துணைச்செயலைக் கடைசியில் ஒட்டியிருந்தாலும் இன்று வேலை நடந்திருக்கும். ஆனால் பின்னொரு நாள் பிழை தேடி யாராவது இந்தப் படிகளில் ஏறி இறங்கும்போது நடுவில் ஒரு படி உடைந்திருக்கக் கூடாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

ஒத்திகைத் தளத்தில் 08000 நின்றது. 09000 கெடாவின் கட்டணத்தைக் காட்டியது. 41000-ஐயும் போட்டுப் பார்த்தார்கள். சரியாக இருந்ததைக் கெடுத்துவிட்டோமா என்று பார்ப்பதுதான் பலரும் மறப்பது. அவர்கள் அதை மறக்கவில்லை.

பிறகு லைவுக்கும் இந்தக் கிளைக்கும் உள்ள வேறுபாட்டைத் திரையில் கொண்டுவந்து, தம்பியை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறார். கோப்பின் பெயர், போகும் வரி, வரும் வரி. சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று. அவன் படிக்கப் படிக்க அக்கா கண்ணை மூடிக் கேட்கிறார். ஓர் இடத்தில் “திரும்பப் படி” என்கிறார். படித்தான். “ம்” என்றார். நான்கு கோப்புகள், ஒரு திரைக்குள் அடங்கிவிடும் வரிகள்.

இனி டேட்டாபேஸ். கிட் நிரலை மட்டுமே தூக்கிவரும். ஆர்டர்கள் உட்கார்ந்திருக்கும் அட்டவணையை அது தொடாது. அங்கே குறியீட்டுக்கான கட்டம் இன்னும் எண்ணை மட்டும் ஏற்கும் கட்டமாகவே இருக்கிறது. நிரல் சுழியத்தைக் காப்பாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கட்டம் அதை விழுங்கிவிடும். ஆகவே முதலில் கட்டத்தை மாற்ற வேண்டும், பிறகு நிரலை ஏற்ற வேண்டும். எழுத்தை ஏற்கும் கட்டத்தில் பழைய நிரல் எண்ணைப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. முறை மாறினால்தான் சங்கடம். எதற்கும் முன்னால் முழு டேட்டாபேஸுக்கும் ஒரு பேக்கப்.

பேக்கப் ஓடத் தொடங்குகிறது. கீழேயிருந்து ஒரு பையன் தே ஓ கட்டிக்கொண்டு வருகிறான், பிளாஸ்டிக் பையில், ஸ்ட்ராவோடு. எனக்கும் ஒன்று. முதலாளி படியில் பாதி ஏறி எட்டிப் பார்க்கிறார்.

“ஆச்சாம்மா?”

“அரை மணி நேரம் குடுங்கண்ணே.”

அவர் கேள்வி கேட்காமல் இறங்குகிறார். அவருக்கும் ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். வேலை நடக்கும்போது தலைக்குமேல் நிற்காதிருப்பது முதலாளிகளில் எல்லோருக்கும் வருவதில்லை.

தே ஓவை உறிஞ்சிக்கொண்டே அக்கா தம்பிக்கு 2014-ஐச் சொல்கிறார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. அக்டோபர் 15. ட்ருபல் என்ற தள மென்பொருளின் ஏழாம் பதிப்பில் ஒரு பெரும் ஓட்டை இருப்பதாக அதன் பாதுகாப்புக் குழுவே அறிவித்தது. டேட்டாபேஸுக்குள் கெட்ட கட்டளை நுழையாமல் காக்க வேண்டிய பகுதியிலேயே ஓட்டை. கடவுச்சொல் இல்லாமலே எவரும் நுழையலாம். அறிவிப்பு வந்தபோது மலேசியாவில் நள்ளிரவு. இரண்டு வாரம் கழித்து அதே குழு இன்னொன்றும் சொன்னது. அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத ஒவ்வொரு தளமும் ஊடுருவப்பட்டதாகவே கருதிக்கொள்ளுங்கள் என்று. நம் நேரத்தில் மறுநாள் காலை 7 மணி. இங்கே பலரும் அந்த இரவு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடத் தீபாவளி அக்டோபர் 22.

“முழுசா 7.32-க்கு ஏத்தணும்னா எல்லா மாடியூலும் பாக்கணும், நாள் பிடிக்கும். ஆனா ஓட்டைய அடைக்கிற மாத்தம் ஒரே வரிதான் தம்பி. ஒரு லூப்புல ஒரு வார்த்த. முழுசா ஏத்த முடியலன்னா அந்த ஒரு ஃபைல மட்டும் திருத்துங்கன்னு அவுங்களே சொன்னாங்க.”

“நீங்க எப்பக்கா போட்டீங்க?”

“எங்க சீனியர் ஒருத்தர் ராத்திரியே பாத்துட்டாரு. போன் பண்ணி எழுப்பினாரு. அந்த ஒரு வரியத் தனியா எடுத்து, எங்க கைல இருந்த ஒவ்வொரு சைட்டுக்கா போட்டோம். விடியிறதுக்குள்ள முடிஞ்சிச்சு. எங்க சைட் எது எந்த வெர்ஷன்ல ஓடுதுன்னு அவரு முன்னாடியே எழுதி வெச்சிருந்தாரு. அது இல்லாட்டி எங்க கண்டுபிடிக்கிறது?”

தம்பி பையின் அடியில் மிஞ்சிய ஐஸை ஸ்ட்ராவால் குத்திக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டுக் கேட்கிறான். ஒரே வரி. உலகெங்கும் இருந்த அத்தனை தளங்களும் திறந்து கிடந்ததும் மூடிக்கொண்டதும் அந்த ஒரு வரியால். அந்த வரியை எழுதத் தெரிந்தவர்களைவிட, அதை மட்டும் தனியே எடுத்து, கலங்காமல், சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்தவர்கள்தான் அந்த இரவில் தளங்களைக் காப்பாற்றினார்கள். அவர்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. மிஞ்சியதெல்லாம் ஒரு கமிட்டும் அதன் நேரமும்தான்.

பேக்கப் முடிந்தது. கோப்பின் அளவைப் பார்த்து, வேறோர் இடத்துக்கும் ஒரு படி எடுத்துவைக்கிறார்கள்.

கட்டம் மாறியது. கிளை லைவோடு சேர்ந்தது. அந்த நிலைக்கு ஒரு டேக் வைத்தார்கள். பழைய நிலைக்கு முன்னமே ஒன்று இருக்கிறது, திரும்ப வேண்டுமென்றால் அதற்குப் போகலாம். ஏற்றும் கட்டளையைத் தம்பியைத் தட்டச் சொல்கிறார் அக்கா. அவன் தட்டிவிட்டு, விரலை என்டர் விசையின் மேல் வைத்துக்கொண்டு அவரைப் பார்க்கிறான். “போடு” என்கிறார். போட்டான்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவும் கூடாது. தளம் முன்போலவே இருக்கிறது, அதே முகப்பு, அதே சேலைகள், அதே பழைய பணப் பக்கம். தம்பி தன் கைப்பேசியில், வைஃபையை அணைத்துவிட்டு, வெளியாள்போலத் திறந்து பார்க்கிறான். 08000. சுழியம் நிற்கிறது.

பழைய ஆர்டர்களைச் சரிசெய்வதை ஒரே கட்டளையில் முடித்திருக்கலாம். நான்கு இலக்கமாக இருப்பவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு சுழியம் சேர் என்றால் போதும். தம்பி அதை எழுதியும் விட்டான். அக்கா தடுத்தார். யாராவது ஒரு வாடிக்கையாளர் 41000 என்பதை 4100 என்று தவறவிட்டு எழுதியிருந்தால் அதற்கும் முன்னால் சுழியம் ஒட்டி, இல்லாத ஊருக்குப் பொட்டலம் அனுப்பிவிடுவோம். மாநிலம் கெடா அல்லது பெர்லிஸ் என்று இருப்பவற்றை மட்டும் திருத்தினார்கள். அப்படியும் மிஞ்சிய ஒன்று இருந்தது. மாநிலம் சிலாங்கூர், குறியீடு நான்கு இலக்கம். அதைத் தொடாமல் அந்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும் என்று தாளில் எழுதிவைத்தார்கள்.

மாடிப்படியில் சீட்டு இயந்திரம் அடிக்கத் தொடங்குகிறது. கடைப் பையன் ஒவ்வொன்றாகக் கிழித்துப் பொட்டலத்தில் ஒட்டுகிறான். அலோர் ஸ்டார், ஜித்ரா, சுங்கைப் பட்டாணி, சுங்கைப் பட்டாணி. அக்கா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பிழைப் பதிவையே பார்த்துக்கொண்டிருக்கிறார், புதிய வரி ஏதாவது வருகிறதா என்று. ஆர்டர்கள் வருகின்றன. ஒன்று கோல சிலாங்கூர், ஒன்று தைப்பிங், ஒன்று பட்டவொர்த். ஏற்றிய பிறகு எழுந்து போய்விடாமல் உட்கார்ந்திருக்கும் இந்த நேரமும் வேலையில் சேர்த்திதான். கூலிக் கணக்கில் அது வருமா என்று எனக்குத் தெரியாது, வர வேண்டும்.

தம்பி இதற்குள் தன் கிளைக்குத் திரும்பிவிட்டான். பாதிப் பணப் பக்கத்தில் இன்று காலை அவன் செய்த மாற்றங்கள் இன்னும் பதிவாகாமல் கிடக்கின்றன. ஒவ்வொரு துண்டாகத் திரையில் வரவழைக்கிறான். இது சேரட்டுமா, வேண்டாமா என்று கிட் கேட்கிறது. ஒன்றைச் சேர்க்கிறான், ஒன்றை ஒதுக்குகிறான். பாதி வந்ததும் நிறுத்தி ஒரு குறிப்பு எழுதுகிறான், ‘சில திருத்தங்கள்’ என்று எழுதவில்லை. மறுபடி அடுத்த துண்டு.

மழை விட்டிருந்தது. நான் எழுந்திருக்கலாம். ஆனால் அக்கா இன்னொரு பட்டியலைத் திறந்திருக்கிறார். 09-இல் தொடங்கும் ஊர்களிலிருந்து வாங்கி, சபா சரவாக் கட்டணத்தைக் கட்டிவிட்டவர்கள். கூலிம் இருக்கிறது. லூனாஸ் இருக்கிறது, அதன் 09600-ஐத் தளம் 96 என்று படித்து சரவாக்கின் சிபுவுக்கு விலை போட்டிருக்கிறது. பாலிங் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று கணக்கிட்டு, முதலாளிக்கு அனுப்பிவிட்டு, முதல் எண்ணை அழைக்கிறார்.

“வணக்கம் அங்கிள், கிள்ளான் துணிக்கடைலேர்ந்து பேசுறோம். நீங்க வேட்டி வாங்கினீங்கல்ல, அதுக்கு அனுப்புற காசு எங்க தப்புல கூட எடுத்துட்டோம்.”

மறுமுனையில் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு முதியவரின் குரல், ஐயத்தோடு.

“பேங்க் நம்பர் கேப்பீங்களா?”

“கேக்க மாட்டோம் அங்கிள். ஒரு நம்பரும் சொல்லாதீங்க. நீங்க எந்த வழியா கட்டினீங்களோ அதே வழியா திரும்பி வந்துரும். வரலன்னா கடை நம்பருக்கு அடிச்சு என்னைக் கேளுங்க.”

தாளில் கூலிமுக்கு எதிரே ஒரு கோடு போட்டுவிட்டு, லூனாஸின் எண்ணை அழுத்துகிறார்.